காருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

தம்பி கடைசியாக அனுப்பிய படத்தில் அவன் இல்லை. சாப்பாடு மட்டும் இருந்தது. தரையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. அதன்மேல் ஒரு பெரிய வட்டத் தட்டம். தட்டத்தில் ஒலிவ் காய், வெள்ளைச் சீஸ், தக்காளி, தேன், மெல்லிய ரொட்டி அடுக்கு. ஓரத்தில் ரொட்டியை நீட்டுகிற ஒரு பெண்ணின் கை. சின்னவிரலில் பச்சைக்கல் மோதிரம். அதற்குப் பின்னால் நீலம் அடித்த யன்னல்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “துருக்கியில கொன்யாவுக்கு வடக்கால ஒரு ஊர். இஞ்ச சனம் சாப்பாடு தந்தே ஆளைக் கொல்லும் போல. வீட்டுக்காரர் முந்தி டென்மார்க்கில வேலை செய்தவராம். அம்மாவை விட நல்லா டேனிஷ் கதைக்கிறார்.”

நான் சிரித்தேன். டென்மார்க்கில், பிராண்டேயில், எங்கள் வீட்டுக் குசினியில் நின்றிருந்தேன். உடனே அவனுக்கு போன் எடுத்தேன். அது அடிக்கும்போது அம்மா என் கையிலிருந்து அதைப் பறித்தார்.

தம்பி ரஜிதன் காற்றாலை பூட்டும் வேலையை விட்டுவிட்டுச் சைக்கிளில் கிழக்கே போய்க்கொண்டிருந்தான். டோஸ்ட்ருப்பில் அவனுக்கு அம்மா ஒரு பெண் பேசியிருந்தார். அழைப்பிதழ் எல்லோருக்கும் கொடுத்த பிறகு, தனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்றான். பெண்ணிடம் நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டான். பிறகு இரண்டு பைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

“அக்கா, படம் பாத்தியே?” என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

“அக்கா இல்லை, நான்,” என்றார் அம்மா. “நீ அங்க விருந்து சாப்பிடுறாய். நான் இஞ்ச தலையைக் குனிஞ்சுகொண்டு திரியிறன். எனக்கு இனி மகன் இல்லை. நீ செத்திட்டாய் எண்டு நினைச்சுக் கொள்ளுறன்.”

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்தியது.

“சரி அம்மா,” என்றான்.

அதன் பிறகு அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

முதலில் அம்மா போனின் பக்கமே போகவில்லை. பிறகு அதை விட்டு எழும்பவில்லை. அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. யூனிபோர்ம் பைக்குள் மறைத்துக் கொண்டுபோனார். கக்கூசுக்குப் போய்ப் போய்ப் பார்த்தார். இரண்டு வாரம் போனது. காவல்துறையில் ஒரு பெண் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். துருக்கிக்கு எழுதுவதாகச் சொன்னார். “ஆனால் அவர் வயது வந்த ஆள். தொடர்பு வேண்டாமென்று முடிவெடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது,” என்றார்.

“உரிமையாம்,” என்றார் அம்மா, காரில் வரும்போது. “சாகிறதுக்கும் உரிமைதானே.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். என் மனதிலும் அதுதான் இருந்தது. “சரி அம்மா” என்று அவன் சொன்ன விதம். சின்ன வயதில் கடைக்குப் போய்வரச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வான். சொன்னதைச் செய்துவிட்டும் வருவான்.

எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. நான் வேலை செய்வது ஒரு பால் பரிசோதனைக்கூடத்தில். பால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் டிக்கெட் எடுத்தது நான்தான்.

பிலுண்டிலிருந்து அன்தாலியா போகும் விமானம் முழுக்க வெயில் காயப் போகிறவர்கள். அம்மா கம்பளிச் சட்டையோடு நடுச் சீட்டில் இருந்தார். பக்கத்திலிருந்த பெண் விடுமுறையா என்று டேனிஷில் கேட்டார். “ஓம்,” என்று அம்மா தமிழில் சொன்னார்.

வாடகைக் காரை நான் ஓட்டினேன். மலை கடந்த பிறகு நிலம் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் யூலண்ட் பக்கம் போலத் தட்டையாகிவிட்டது. ஆனால் பச்சை இல்லை. கோதுமை, காய்ந்த புல், செம்மறி ஆடுகள். ஹஜ்ஜுப் பெருநாள் வாரம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நகரத்துக் காவல் நிலையத்தில் தனியே இருந்த ஒருவர் தேநீர் தந்தார். பெருநாள் முடிந்து வாருங்கள் என்று சைகையால் சொன்னார். பெருநாள் முடிவதற்குள் எங்கள் விமானம் போய்விடும்.

அதனால் ஊர் ஊராகப் போனோம். எல்லா ஊரிலும் டேனிஷ் இலக்கத்தகடு போட்ட கார்கள் நின்றன. பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவர்கள்.

“என்னடி இது, அரைவாசி யூலண்ட் இஞ்சதான் நிக்குது,” என்றார் அம்மா. “இதுக்குள்ள டேனிஷ் கதைக்கிற ஆளை எங்கயெண்டு தேடுறது?”

காரை நிறுத்தினால் போதும், ஒரு கதவு திறந்துவிடும். சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனதும் கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன் ஊற்றுவார்கள். முதல் வீட்டில் அம்மா அதைத் தீர்த்தம் என்று நினைத்து வாய்க்குக் கொண்டுபோனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பிறகு தேநீர். பிறகு சாப்பாடு. ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட முன் விருந்தாளியிடம் காரணம் கேட்பது அங்கே மரியாதை இல்லை. நாங்களாகப் போனை எடுத்துப் படத்தைக் காட்டப் போனாலும் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். முதலில் சாப்பிடு.

அம்மா எங்கள் வழக்கப்படி வேண்டாம், வேண்டாம் என்றார். எங்கள் சனத்தில் அதற்குக் கொஞ்சம் வை என்று அர்த்தம். அங்கேயும் அப்படித்தான் போலிருந்தது. வைத்தார்கள். சீனி வருத்தக்காரியான அம்மா, சீனிக்கட்டி போட்ட தேநீரைக் கிளாஸ் கிளாஸாகக் குடித்தார். டென்மார்க்கில் ஹ்விடோவ்ரேயில் இருந்து பெருநாளுக்கு வந்திருந்த ஒரு வீட்டு மருமகள்தான் எனக்கு இரகசியமாகச் சொன்னாள், கரண்டியைக் கிளாசின் வாய்க்குக் குறுக்கே வைத்தால் மேலும் ஊற்றமாட்டார்கள் என்று.

எல்லாம் முடிந்த பிறகு படத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு நாக்கால் ‘ட்ச்’ என்று ஒலி எழுப்பித் தலையை மேலே தூக்குவார்கள். இல்லை என்பதற்கு அது.

“இந்தச் சனம் எங்களைச் சாப்பிட வைச்சே பொழுதை முடிக்குது,” என்று அம்மா காரில் அழுதார். “அவன் எங்க கிடக்கிறானோ. நான் இருந்து தேன் தின்னுறன்.”

கடைசி நாள் மதியம்தான் நீல யன்னலைக் கண்டேன்.

முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெருநாளுக்கு ஆடு அறுத்திருக்கிறார்கள். சிவந்த தண்ணீர் படலைக்குக் கீழால் ரோட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கடக்காமல் நின்றார். உள்ளேயிருந்து நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார். எங்களைப் பார்த்து முதலில் துருக்கியில் ஏதோ சொன்னார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து டேனிஷில், “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்றார்.

“பிராண்டே.”

அவர் முகம் மாறியது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

அவர் பெயர் இஸ்மெத். டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். சுவரில் நத்தார் மரமும் பனியும் வரைந்த நீல டேனிஷ் தட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவருடைய மனைவி குலிஸாருக்கு டேனிஷ் தெரியாது. கொலோன் ஊற்றினார். தரையில் சிவப்புக் கட்டத் துணியை விரித்தார். வட்டத் தட்டத்தை வைத்து எங்களுக்கு ரொட்டியை நீட்டினார். சின்னவிரலில் பச்சைக்கல் இருந்தது.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கைதான். சயந்தினி, இந்தக் கைதான்.”

குலிஸார் கையை இழுக்கவில்லை. ரொட்டியோடு அப்படியே இருந்தார். நான் தம்பியின் படத்தை இஸ்மெத்திடம் காட்டினேன். அவர் அதை மனைவி பக்கம் திருப்பினார். இருவரும் துருக்கியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். குலிஸாரின் கண் கலங்கியது.

“ஒரு விருந்தாளி வந்தார்,” என்றார் இஸ்மெத். “நல்ல பிள்ளை. இங்கே சாப்பிட்டார், இங்கே படுத்தார். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்.”

“இப்போது எங்கே?”

“சாப்பிடுங்கள். நான் ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.”

அவர் எழும்பிப் போனார். வெளியே பழைய கார் ஒன்று ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

குலிஸார் வதக்கிய ஆட்டிறைச்சியை ரொட்டியில் சுற்றி அம்மாவின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா வெள்ளியில் மச்சம் தொடமாட்டார். அப்பா இருக்கும்போது வெள்ளிக்கிழமை முட்டை பொரித்த சட்டியைக்கூட வெளியே வைத்துக் கழுவியவர். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

“அவன் சாப்பிட்ட கை,” என்றார் என்னிடம்.

இஸ்மெத் வர நெடுநேரமானது. தேநீர் வந்துகொண்டே இருந்தது. நான் என் கரண்டியைக் கிளாசுக்குக் குறுக்கே வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் சைகை காட்டினேன்.

“வைக்க மாட்டன்,” என்றார். “வைச்சா எழும்ப வேணும்.”

இஸ்மெத் திரும்பி வந்தபோது அவருடைய சப்பாத்திலும் காற்சட்டையிலும் புழுதி. கண் சிவந்திருந்தது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

“ரஜிதன் எங்கே?” என்று கேட்டேன்.

“என்னால் சொல்ல முடியாது.”

“இங்கிருந்து போய்விட்டானா?”

“கேட்காதே, மகளே.”

“நாங்கள் நாளைக்குப் போகவேண்டும். தயவுசெய்து.”

அவர் தலையைக் குனிந்தார். அப்போது அம்மா பேசினார். அம்மாவுக்குத் தெரிந்தது முதியோர் இல்லத்து டேனிஷ் மட்டும்தான். கையைத் தூக்குங்கள். கொஞ்சம் குடியுங்கள். வலிக்கிறதா? அந்த டேனிஷில் கேட்டார்.

“அவனுக்கு வலித்ததா?”

இஸ்மெத் நிமிர்ந்து பார்த்தார். “ஆம்,” என்றார். “நிறைய வலித்தது.”

அம்மா தலையாட்டினார். வேலையிடத்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்தாரிடம் தலையாட்டுவது போல. பிறகு கரண்டியை எடுத்துக் கிளாசுக்குக் குறுக்கே வைத்தார்.

வாசலில் இஸ்மெத் என் போனை வாங்கித் தன் எண்ணைத் தானே பதிந்தார். “திரும்பவும் வாருங்கள்,” என்றார். வழியில் சாப்பிட ரொட்டியும் சீஸும் கட்டித் தந்தார்கள். நான் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது குலிஸார் ஒரு செப்புச் செம்போடு ரோட்டின் நடுவில் நின்றிருந்தார். அழுதுகொண்டிருந்தார். செம்பைச் சரித்து, எங்கள் காருக்குப் பின்னால் தண்ணீரை வீசி ஊற்றினார்.

அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டனியே?” என்றார். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. “எங்கட ஊரில பிரேதம் படலையைத் தாண்டினவுடன நிக்கிற பொம்பிளையள் தண்ணி ஊத்துறது. அவ சொல்லுறா. வாயால சொல்ல ஏலாமல் தண்ணியால சொல்லுறா.”

நான் ரோட்டோரம் நிறுத்திப் போனில் தேடினேன். துருக்கியில் பயணம் போகிறவர்களுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், தண்ணீர் போலத் தடையில்லாமல் போய்த் திரும்பி வரட்டும் என்பதற்காக. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“போனுக்கு என்ன தெரியும்? அந்த மனுசியின்ர முகத்தை நீ பாக்கேல்லையே? நல்லா இருந்திட்டு வாங்கோ எண்டு சொல்லுற ஆள் இப்பிடி அழுமே? உயிரோட இருந்தா ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுறதுக்கு அந்த மனுசனுக்கு என்ன?”

அந்தக் கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா பிராண்டேக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக் கலண்டரின் முன் போய் நின்றார். பிறகு ஐயருக்கு போன் எடுத்தார்.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வேணும் ஐயா. மகனுக்கு... இல்லை, உடம்பு கிடைக்கேல்லை... எந்த நாளிலயிருந்தோ? நான் வாயால சொன்ன நாளிலயிருந்து எண்ணுங்கோ.”

ஐயர் மறுத்துவிட்டார். காணாமல் போன ஆளுக்கு இப்படி உடனே செய்வதில்லை, எத்தனையோ வருசம் பொறுக்கவேண்டும் என்றார்.

“நீங்கள் வராட்டிப் பரவாயில்லை,” என்றார் அம்மா. “நான் படைப்பன்.”

நான் இஸ்மெத்துக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். இரண்டு முறையும் அதே பதில். என்னால் சொல்ல முடியாது, மகளே. அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மா அலுமாரியில் இருந்து தம்பியின் படத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவன் உயிரோட இருந்தா? ஒருநாள் இது அவன்ர காதில விழுந்தா, பிறகு எந்த வீட்டுக்கு வருவான்?”

“ஊரில சண்டை நேரம் என்ர அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனாப் பிறகு என்ர அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்குக் கோப்பையில சோறு போட்டு மூடி வைச்சவ. அடுத்த நாள் அதைக் காகத்துக்குக் கொட்டினவ. சாகுமட்டும் அப்பிடித்தான். நான் பாத்துக்கொண்டு வளந்தனான். எனக்கு அது ஏலாது. முடிவு வேணும்.” படத்தை மேசையில் வைத்தார். “உன்ர அப்பாவுக்கு அவன் கொள்ளிக்குடம் தூக்கினதை நினைச்சுப் பார். டேனிஷ்காரர் நிலம் நனையும் எண்டு அரைக் குடம் தண்ணிதான் விட்டவங்கள். கீழ பொலித்தீன் விரிச்சவங்கள். அந்தக் குறையோட அவன் சுத்தி வந்தான். அந்தப் பிள்ளைக்கு நான் செய்யிறன்.”

அந்த நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்குச் சனம் வரும். காலையிலேயே யோகம்மா அன்ரி சமையலுக்கு உதவ வந்துவிட்டார். அடுத்த தெருவில் இருக்கிறவர், அம்மாவின் சிநேகிதி. வந்ததில் இருந்து கத்தியும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

“சுசீலா, உனக்கு விசரே? உடம்பில்லை, சேர்ட்டிபிக்கட் இல்லை, ஐயரும் இல்லை. வடையும் பாயாசமும் மட்டும் இருந்தா அந்தியேட்டி ஆகுமே?”

“நீ கத்தரிக்காயை வெட்டு.”

“வெட்டுறன். வெட்டுறன். கலியாணத்துக்குக் கூப்பிட்ட அதே சனத்தை அந்தியேட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். உலகத்தில ஒருத்தரும் செய்யேல்லை.”

அம்மா சட்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் போட்டார். விறாந்தை மேசையில் தம்பியின் படம். முன்னால் வாழையிலை. அம்மா அவனுக்குப் பிடித்த கறிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். சனம் வந்து அதற்கு முன்னால் நின்று, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போனால், அவன் எல்லோருக்கும் செத்தவன்.

நான் வெளியே போய்க் காருக்குள் இருந்தேன்.

இதுவரை நான் இஸ்மெத்திடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. எங்கே இருக்கிறான். அதற்கு அவர் பதில் சொல்லப்போவதில்லை. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஒன்றை நேரே அளக்க முடியாவிட்டால், அதோடு சேர்ந்து மாறுகிற வேறொன்றை அளப்போம். நான் அந்த முற்றத்தை நினைத்தேன். சிவந்த தண்ணீர், தட்டம், ரொட்டி, செம்பு. பிறகு போன் எடுத்தேன்.

“இஸ்மெத், நான் பிராண்டேயில் இருந்து. தம்பியைப் பற்றிக் கேட்க அல்ல. உங்கள் வழக்கம் ஒன்றைக் கேட்கவேண்டும்.”

“கேள், மகளே.”

“உங்கள் வீட்டிலிருந்து யார் போனாலும் பின்னால் தண்ணீர் ஊற்றுவீர்களா?”

“ஆம். அது நல்லதுக்கு.”

“எல்லோருக்குமா?”

அவர் சிரித்தார். “வந்து தங்கிப் போகிற எல்லோருக்கும். குலிஸார் விடமாட்டாள். ஒருமுறை மீற்றர் பார்க்க வந்தவன் மழையில் மாட்டி இரவு தங்கினான். அவனுக்கும் ஊற்றினாள்.”

“ஒருவரையும் விடமாட்டாரா?”

“ஒருவரையும்.”

“என் தம்பிக்கு ஊற்றினாரா?”

சிரிப்பு நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் குலிஸார் ஏதோ கேட்டார். இஸ்மெத் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

“இல்லை,” என்றார் இஸ்மெத். “அவருக்கு ஊற்றவில்லை.” மூச்சு விட்டார். “இன்னும் ஊற்றவில்லை.”

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

“நான் ஒன்றும் சொல்லவில்லை,” என்றார் அவர். “விருந்தாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டதா?”

“நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை,” என்றேன். “போனை வைத்துவிடாதீர்கள்.”

காரின் கதவை மூடாமலே உள்ளே ஓடினேன். அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன் வடையைத் தட்டிக் கையில் வைத்திருந்தார்.

“அம்மா, ரஜிக்குத் தண்ணி ஊத்தேல்லையாம்.”

“என்ன?”

“அந்த வீட்டில இருந்து வெளிக்கிட்ட எல்லாருக்கும் ஊத்துறதாம். மீற்றர்காரனுக்கும் ஊத்தினதாம். இவனுக்கு இன்னும் ஊத்தேல்லையாம்.”

அம்மா என்னைப் பார்த்தார். எண்ணெய் புகைந்தது. யோகம்மா அன்ரி எட்டி அடுப்பை நிறுத்தினார். அம்மாவின் கையிலிருந்த மாவு உருகுவது போல விரல்களுக்கிடையால் கீழே விழுந்தது.

“அப்ப ஏன் அந்த மனுசி அழுதவ?”

அம்மாவே யோசித்தார். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஆடு பார்க்கப் போனவர் புழுதியோடும் சிவந்த கண்ணோடும் வந்தது. ‘நிறைய வலித்தது’ என்றது. தாய் வந்திருக்கிறாள் என்று சொல்லியும் வரமாட்டேன் என்ற ஒருவன், அந்த வெளியில் எங்கோ, காரில் போய்வரும் தூரத்தில் இருந்திருக்கிறான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“மாட்டன் எண்டு சொல்லியிருக்கிறான்,” என்றார். “நான் அங்க இருக்கிறன் எண்டு தெரிஞ்சும்.”

பிறகு போனை வாங்கினார்.

“நான் அம்மா,” என்றார் டேனிஷில்.

“தெரியும்,” என்றார் இஸ்மெத். போன் சத்தமாக இருந்தது, எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அவன் சாப்பிடுகிறானா?”

பதில் இல்லை.

“நித்திரை வருகிறதா?”

பதில் இல்லை.

“இன்னும் வலிக்கிறதா?”

இஸ்மெத் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். அம்மா காத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த டேனிஷ் முடிந்துபோனது போல இருந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பிறகு சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினார்.

“அவன் போகும்போது, எங்கே போனாலும், தண்ணீர் ஊற்றுங்கள். அரைவாசி வேண்டாம்.” குடத்துக்கு டேனிஷ் தெரியவில்லை. “ஒரு முழு வாளி.”

“முழு வாளி,” என்றார் இஸ்மெத்.

அம்மா போனை என்னிடம் தந்தார். விறாந்தைக்குப் போனார். வாழையிலைக்கு முன்னால் நின்றார். படத்தைத் தூக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அலுமாரி வரை போனார், திரும்பி வந்தார்.

“அந்த மனுசிக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

“குலிஸார்.”

“குலிசா,” என்றார். “குலிசா.” அந்தக் கையால் வாங்கிச் சாப்பிட்டும் அம்மா அன்றைக்குப் பெயர் கேட்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. யன்னலுக்கு வெளியே கார்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் இறங்கினார்கள்.

“வந்திட்டுதுகள்,” என்றார் யோகம்மா அன்ரி. “இப்ப சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது? சுசீலா, உன்னைத்தான் கேக்கிறன். ஏன் கூப்பிட்டது எண்டு கேட்டா?”

அம்மா படத்தை விடவில்லை. ஒரு கையால் இலையில் இருந்த கறிகளைத் திரும்ப எடுத்துப் பாத்திரத்தில் போடத் தொடங்கினார்.

“கதவைத் திற,” என்றார். “முதல் சாப்பிடட்டும். காரணம் பேந்து.”

நான் கதவைத் திறக்கப் போனேன். என் கையில் போன் இன்னும் சூடாக இருந்தது. இஸ்மெத் வைத்துவிட்டார். அவன் வருவான் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.